பதிவுகள் நின்றுபோனால்: ஒரு லாக் சேவையகத்தின் பழுதைத் தேடிக் கண்டறிதல்

மாணவர் வருகைப் பதிவேட்டில் ஒரு நாளுக்குரிய கட்டங்கள் முழுவதும் வெறுமையாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அன்று பள்ளிக்கு விடுமுறையாக இருந்திருக்கலாம். வகுப்பு நடந்தும் வருகையைக் குறிக்காமல் விட்டிருக்கலாம். பதிவேடு அன்று முழுவதும் தணிக்கைக்காக அலுவலகத்தில் இருந்திருக்கலாம். ‘அன்று ஒரு மாணவர்கூட வரவில்லை’ என்று மட்டும் அந்த வெறுமையிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஏனென்றால் வராதவருக்கும் நம் பதிவேட்டில் ஒரு குறி உண்டு.

கணினி மையங்களில் இதே கேள்வி நாள்தோறும் எழுகிறது. ஒரு நிறுவனத்தின் எல்லாக் கணினிகளிலும் நடப்பவற்றை ஓரிடத்தில் திரட்டி வைக்கும் சேவையகம் ஒன்று இருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை அதன் திரை வெறுமையாக இருக்கிறது. வார இறுதியில் ஒன்றுமே நடக்கவில்லையா, நடந்தது பதிவாகவில்லையா? மேல்நிலை வகுப்புகளில் வலையமைப்பு, திறந்த மூல மென்பொருள், இருமத் தேடல் ஆகியவற்றைத் தனித்தனிப் பாடங்களாக நடத்துகிறோம். அவை மூன்றும் ஒன்றாகப் பயன்படும் இடம் இது. பழுது நீக்குதல் என்றால் கணினியை அணைத்து மீண்டும் இயக்குவதுதான் என்று எண்ணும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

லாக் என்பது என்ன?

‘லாக்’ என்றால் மரக்கட்டை. பாய்மரக் கப்பல்களின் காலத்தில், முடிச்சுகள் இட்ட கயிற்றில் ஒரு மரத்துண்டைக் கட்டிக் கடலில் வீசுவார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை முடிச்சுகள் கைநழுவிப் போகின்றன என்று எண்ணிக் கப்பலின் வேகத்தை அறிவார்கள். அந்த அளவை எழுதிவைத்த ஏடு லாக் புத்தகம் ஆயிற்று. கப்பலின் வேகத்தை இன்றும் ‘நாட்’, அதாவது முடிச்சு என்ற அலகில் சொல்வது அதன் மிச்சம்தான்.

கணினியில் லாக் என்பது நேரத்தோடு எழுதப்பட்ட நிகழ்வுக் குறிப்பு. யார் உள்நுழைந்தார், எந்தக் கடவுச்சொல் தவறாக இடப்பட்டது, எந்தச் சேவை நின்றது என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. 1980-களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் தம்முடைய சென்ட்மெயில் என்னும் அஞ்சல் மென்பொருளுக்காக ‘சிஸ்லாக்’ முறையை உருவாக்கினார். யுனிக்ஸ், லினக்ஸ் கணினிகள், ரவுட்டர்கள், தீச்சுவர்கள் எனப் பலவும் இன்றும் அந்த வழியில்தான் தம் குறிப்புகளை அனுப்புகின்றன. ஒவ்வொரு குறிப்புக்கும் 0 முதல் 7 வரை ஓர் அவசர நிலை உண்டு. 0 என்றால் அமைப்பே பயன்படாத நிலை. 7 என்றால் மென்பொருளாளர் தம் சோதனைக்காக எழுதும் சில்லறைக் குறிப்பு. எண் சிறிதாக ஆக ஆபத்து பெரிது. மதிப்பெண் பழக்கத்தில் மாணவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள். அதனால் தேர்வுத் தரவரிசையை நினைவூட்டிச் சொல்லலாம்.

குறிப்பு செல்லும் வழி

உலகெங்கும் பரவலாகப் புழங்கும் ஒரு மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் கிரேலாக். இதைத் தனி ஒரு நிரல் என்று நினைக்கக் கூடாது. மூன்று நிரல்கள் கூட்டுக்குடும்பமாக இயங்குகின்றன. கிரேலாக் குறிப்புகளை வாங்கிப் பகுத்து அனுப்பும். எலாஸ்டிக்சர்ச் அல்லது ஓப்பன்சர்ச் அவற்றைச் சேமித்துத் தேடித் தரும். மோங்கோடிபி என்னும் தரவுத்தளம் பயனர் பெயர்கள், அமைப்பு விவரங்கள் ஆகியவற்றை மட்டும் வைத்திருக்கும். அதில் லாக் எதுவும் இருக்காது.

(திறந்த மூலப் பாடம் நடத்துவோருக்கு ஓர் இடைக்குறிப்பு: 2021-இல் எலாஸ்டிக்சர்ச் தன் உரிமத்தை மாற்றியபோது, அமேசான் அதன் பழைய திறந்த மூலப் பதிப்பிலிருந்து பிரித்து வளர்த்ததே ஓப்பன்சர்ச். ‘கிளைத்தல்’ என்று நாம் ஏட்டில் சொல்வதற்கு இது கண்முன் உள்ள சான்று.)

ஒரு குறிப்பு செல்லும் வழி இப்படி அமைகிறது. கருவியிலிருந்து வலையமைப்பு வழியாக வருகிறது. கிரேலாக்கின் உள்ளீட்டு வாயில் அதை வாங்குகிறது. வாங்கியவுடன் அதை ‘ஜர்னல்’ என்னும் காத்திருப்புக் கோப்பில் எழுதி வைக்கிறது. பின்னர் பகுத்து, எலாஸ்டிக்சர்ச்சுக்கு அனுப்புகிறது. அங்கே ‘இண்டெக்ஸ்’ எனப்படும் தொகுதியில் குறிப்பு சேர்கிறது. கடைசியாக நாம் தேடும்போது திரையில் தெரிகிறது.

ஜர்னல் எதற்கு? அஞ்சலகத்தில் வந்த கடிதங்களைப் பிரித்துக் கொடுக்கும் ஊழியர் அன்று தாமதமாக வந்தால், கடிதங்கள் பையிலேயே காத்திருக்கும் அல்லவா? அந்தப் பைதான் ஜர்னல். எலாஸ்டிக்சர்ச் சற்று நேரம் நின்றாலும் குறிப்புகள் தொலையாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஆனால் பைக்கு அளவு உண்டு. நாம் மாற்றாதவரை ஜர்னலின் கொள்ளளவு 5 ஜிகாபைட், காத்திருக்கும் காலம் 12 மணி நேரம். இவற்றில் எது முதலில் எட்டப்பட்டாலும் பழைய குறிப்புகள் கழிக்கப்படும்.

உண்மையிலேயே நின்றுவிட்டதா?

திரை வெறுமையாக இருப்பதைக் கண்டவுடன் சேவையகத்தை மறுதொடக்கம் செய்வதுதான் பலரின் முதல் வேலை. அது வேண்டாம். முதலில் தேடும் கால எல்லையை மாற்றிப் பார்க்க வேண்டும்.

இந்தியாவுக்கே உரிய ஒரு மாயம் இதில் இருக்கிறது. சிஸ்லாக்கின் பழைய வடிவில் நேரம் எழுதப்படும், நேர மண்டலம் எழுதப்படாது, ஆண்டுகூட இருக்காது. ஒரு ரவுட்டர் இந்திய நேரப்படி ‘காலை 9.00’ என்று எழுதி அனுப்புகிறது. சேவையகமோ அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. உலகப் பொது நேரம் 9.00 என்றால் நமக்குப் பிற்பகல் 2.30. ஆக, அந்தக் குறிப்பு ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் போய் உட்கார்ந்துவிடும். ‘கடைசி 5 நிமிடங்கள்’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. சேவையகம் நன்றாகவே இயங்குகிறது. குறிப்புகளும் பத்திரமாகவே இருக்கின்றன. தேடும் எல்லையை நாளை வரை நீட்டினால் எல்லாம் வந்து நிற்கும். பிழை சரியாக 5 மணி 30 நிமிடம் என்றால் வேறு எதையும் தொடத் தேவையில்லை, நேர மண்டல அமைப்பைத் திருத்தினால் போதும்.

சங்கிலியை நடுவில் சோதித்தல்

நேரக் குழப்பம் இல்லை என்று உறுதியானால் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்று தேட வேண்டும். ஒரு முனையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் போவது வரிசைத் தேடல். நடுவில் சோதித்துப் பாதியை விலக்குவது இருமத் தேடல். பன்னிரண்டாம் வகுப்பில் எண்களை வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு நாம் சொல்லித்தரும் அதே உத்திதான்.

இந்தச் சங்கிலியின் நடுக்கண்ணி ஜர்னல். அதில் காத்திருக்கும் குறிப்புகளின் எண்ணிக்கையை கிரேலாக் தன் நிலைப் பக்கத்தில் காட்டும். அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், குறிப்புகள் வந்து சேர்கின்றன, ஆனால் மேலே போகவில்லை. பழுது சேமிப்புப் பக்கம். கருவிகள், கேபிள், தீச்சுவர் எதையும் இனிச் சோதிக்க வேண்டியதில்லை. எண்ணிக்கை பூஜ்யமாகவே இருந்து, புதிதாக எதுவும் வரவில்லை என்றால் பழுது முன்பக்கம்: உள்ளீட்டு வாயில் மூடியிருக்கலாம், வலையமைப்பில் தடை இருக்கலாம், கருவியில் முகவரி மாறியிருக்கலாம். ஒரே ஓர் எண்ணைப் பார்த்து வேலையில் பாதியைக் குறைத்துவிட்டோம்.

முன்பக்கப் பழுதில் ஒரு நுணுக்கம் உண்டு. சிஸ்லாக் பெரும்பாலும் யுடிபி நெறிமுறையில் செல்கிறது. யுடிபி சாதாரண அஞ்சல். டிசிபி ஒப்புகை அட்டையுடன் செல்லும் பதிவு அஞ்சல். சேவையகம் செத்துக் கிடந்தாலும் யுடிபி-யில் அனுப்பும் கருவிக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும், குறிப்புகள் காற்றில் போகும். யுடிபி, டிசிபி வேறுபாட்டை அட்டவணையாகப் படித்த மாணவர், இங்கே அதன் விலையைக் காண்பார்.

நம் திங்கட்கிழமை எடுத்துக்காட்டில் ஜர்னல் ஏறிக்கொண்டிருக்கிறது என்று கொள்வோம். அடுத்து எலாஸ்டிக்சர்ச். அந்தச் சேவை இயங்குகிறதா என்று பார்த்தால் ‘இயங்குகிறது’ என்றே பதில் வருகிறது. போன வாரத்துக் குறிப்புகளைத் தேடினால் கிடைக்கின்றன. புதியன மட்டும் சேரவில்லை. அனுபவம் குறைந்தவர்கள் திகைத்து நிற்கும் இடம் இதுதான். படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை.

இனி ஒரே கட்டளை போதும். லினக்ஸில் ‘டிஎஃப்’ என்று இட்டால் ஒவ்வொரு டிஸ்க்கும் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும். எலாஸ்டிக்சர்ச்சுக்கு ஒதுக்கிய டிஸ்க் 95 சதவீதம்.

எலாஸ்டிக்சர்ச்சில் அணைக்கட்டின் நீர்மட்டம்போல மூன்று அபாய மட்டங்கள் இயல்பாகவே வைக்கப்பட்டிருக்கின்றன. 85 சதவீதத்தைத் தாண்டினால் புதிய தரவுப் பகுதிகளை அந்தக் கணினியில் ஒதுக்காமல் தவிர்க்கப் பார்க்கும். 90-ஐத் தாண்டினால் இருப்பவற்றையே வேறு கணினிக்கு நகர்த்த முயலும்; ஒற்றைக் கணினி மட்டும் உள்ள இடத்தில் நகர்த்துவதற்கு ஏது வழி? 95-ஐ எட்டினால் வெள்ள மட்டம். தொகுதிகள் எல்லாவற்றையும் ‘படிக்கலாம், நீக்கலாம், எழுதக் கூடாது’ என்ற நிலைக்குப் பூட்டிவிடும். டிஸ்க் முற்றாக நிரம்பித் தரவே சிதைந்துபோவதைத் தடுக்கும் பாதுகாப்பு இது. பழுது என்று நாம் நினைத்தது, மென்பொருள் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்த செயல்.

ஏன் நிரம்பியது? கணக்கில் பார்ப்போம்

இந்தப் பகுதியைக் கரும்பலகையில் செய்ய வேண்டும். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

கிரேலாக்கின் பழைய பதிப்புகளில் இயல்பான ஏற்பாடு இது: ஒரு தொகுதியில் 2 கோடி குறிப்புகள் சேர்ந்ததும் அடுத்த தொகுதி தொடங்கும், 20 தொகுதிகளுக்கு மேல் போனால் மிகப் பழையது தானாக நீக்கப்படும். பார்த்தால் பாதுகாப்பான விதிதான். ஆனால் 20 முறை 2 கோடி என்றால் 40 கோடி குறிப்புகள். ஒரு குறிப்பு சேமிப்பில் 1,000 பைட் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 400 ஜிபி.

நம் எடுத்துக்காட்டில் டிஸ்க் 300 ஜிபி. அதில் 95 சதவீதம் 285 ஜிபி. அதாவது 28.5 கோடி குறிப்புகள். பதினைந்தாவது தொகுதி தொடங்கிச் சிறிது நேரத்திலேயே வெள்ள மட்டம் வந்துவிடும். இருபதாவது முடிந்த பிறகு நீக்கத் தொடங்கும் விதி ஒருபோதும் செயல்பட வாய்ப்பே இல்லை. விதி எண்ணிக்கையில் எழுதப்பட்டது, டிஸ்க் அளவில் நிரம்புகிறது. இரண்டையும் யாரும் ஒரே அலகுக்குக் கொண்டுவந்து பார்க்கவில்லை.

எப்போது நிற்கும்? நொடிக்கு 100 குறிப்புகள் என்றால், நாளுக்கு 86,400 நொடிகள், ஆக 86.4 லட்சம் குறிப்புகள், 8.64 ஜிபி. 285-ஐ 8.64-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 33. நிறுவிய 33-ஆம் நாள் இந்தச் சேவையகம் நின்றே தீரும். திடீர்ப் பழுது என்று சொல்லப்படுவது, முதல் நாளிலேயே தேதி குறிக்கப்பட்ட நிகழ்வு.

இன்னொரு வகுத்தலும் செய்துவிடலாம். 85 சதவீதத்திலிருந்து 95-க்குப் போக 30 ஜிபி நிரம்ப வேண்டும். அதற்கு மூன்றரை நாள் ஆகும். முதல் மட்டத்தைத் தாண்டியதிலிருந்தே எலாஸ்டிக்சர்ச் தன்னுடைய லாக் கோப்பில் எச்சரிக்கை எழுதத் தொடங்கிவிடும். எல்லாருடைய குறிப்புகளையும் சேர்த்துவைக்கும் கணினி, தன் குறிப்பை மூன்றரை நாள் எழுதியும் படிக்க ஆளில்லை.

என்ன தொலைந்தது?

வெள்ளி இரவு 9 மணிக்குப் பூட்டு விழுந்து, திங்கள் காலை 9 மணிக்குக் கண்டுபிடிக்கப்பட்டால் இடையில் 60 மணி நேரம். ஜர்னலில் காத்திருப்பது கடைசி 12 மணி நேரக் குறிப்புகள் மட்டுமே. மீதி 48 மணி நேரத்துக்குரிய சுமார் 1.73 கோடி குறிப்புகள் திரும்ப வாரா.

இதனால்தான் அவசரப்பட்டு ஜர்னல் கோப்புறையை அழிப்பது மிகக் கெட்ட யோசனை. ‘ஜர்னலைக் காலிசெய்தேன், சேவையகம் ஓடத் தொடங்கிவிட்டது’ என்று சொல்பவர், காத்திருந்த 12 மணி நேரத்தையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டார். அதேபோல் எலாஸ்டிக்சர்ச்சின் தரவுக் கோப்புகளை நேராகப் போய் அழிப்பதும் கூடாது. எந்தத் தொகுதி எங்கே இருக்கிறது என்ற கணக்கு அதன் உள்ளே தனியாக இருக்கிறது. கோப்பை மட்டும் அழித்தால் கணக்கும் இருப்பும் ஒத்துவராமல் போகும். கிரேலாக்கின் திரையிலிருந்தே பழைய தொகுதியைத் தேர்ந்து நீக்குவதுதான் முறை.

ஒரு தொகுதி 20 ஜிபி. மிகப் பழையது ஒன்றை நீக்கினால் 285 ஜிபி 265 ஆகும். 90 சதவீத மட்டமான 270-க்குக் கீழே வந்துவிட்டது. எலாஸ்டிக்சர்ச் 7.4 பதிப்பிலிருந்து, அந்த மட்டத்துக்குக் கீழே வந்ததும் பூட்டு தானாகத் திறக்கும். அதற்கு முந்தைய பதிப்புகளில் கையால் திறக்க வேண்டும். ‘இடம் இருக்கிறது, இருந்தும் ஏன் எழுதவில்லை’ என்று இரண்டாம் முறை திகைப்பது அங்கேதான்.

ஜர்னலில் காத்திருந்த 4 ஜிபி சொச்சம் உடனே உள்ளே வரும். மீதமுள்ள இடம் இரண்டு நாளுக்குக்கூடப் போதாது. புதன்கிழமை மீண்டும் இதே காட்சி. ஆகவே தொகுதிகளின் உச்ச எண்ணிக்கையை 20-லிருந்து 12 ஆகக் குறைக்க வேண்டும். 240 ஜிபி, 85 சதவீதத்துக்குள் அடங்கும். ஆனால் சேமிப்புக் காலம் 28 நாளுக்கும் குறைவாகிவிடும்.

அது போதுமா? இதற்குத் தொழில்நுட்பம் விடை சொல்லாது, விதி சொல்லும். இந்தியாவின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 28.04.2022 அன்று வெளியிட்ட வழிகாட்டு உத்தரவு அரசு அமைப்புகளுக்கும் பொருந்தும். லாக் பதிவுகளை 180 நாள்கள் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும், கணினிக் கடிகாரங்களைத் தேசிய நேரச் சேவையகங்களோடு ஒத்திசைக்க வேண்டும், குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 180 நாளுக்கு 8.64 ஜிபி வீதம் 1,555 ஜிபி. அதை 85 சதவீதத்துக்குள் அடக்க 2 டெராபைட் டிஸ்க் தேவை. நிறுவும் நாளில் இந்த ஒரு பெருக்கலைச் செய்திருந்தால் 300 ஜிபி டிஸ்க்கை யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். டிஸ்க் வாங்கும் முன், வருகிற குறிப்புகளில் 7-ஆம் நிலைச் சோதனைக் குறிப்புகள் எத்தனை பங்கு என்று பார்ப்பது என் பரிந்துரை. யாரோ எப்போதோ சோதனைக்காகத் திறந்துவிட்ட குழாய் மூடப்படாமலே ஓடிக்கொண்டிருப்பது அடிக்கடி காணக்கூடியது.

டாக்காவில் நின்ற அச்சுப்பொறி

பதிவு நின்றதைச் சாதாரணப் பழுதாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியில் நடந்ததைச் சொல்லலாம். டாக்காவில் உள்ள தலைமை அலுவலகத்தில், பன்னாட்டுப் பணப் பரிமாற்றச் செய்திகள் ஒவ்வொன்றையும் தாளில் அச்சிடும் பொறி ஒன்று இருந்தது. தாளில் எழுதப்படும் லாக் என்றே அதைக் கொள்ளலாம். பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை காலை அது இயங்கவில்லை. வழக்கமான அச்சுப்பொறித் தொல்லை என்றே ஊழியர்கள் நினைத்தார்கள். வெள்ளி அங்கே வார விடுமுறையும்கூட.

அதற்கு முந்தைய இரவே வங்கியின் கணினிகளுக்குள் புகுந்திருந்த திருடர்கள், நியூயார்க்கில் உள்ள அமெரிக்க மத்திய வங்கிக் கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டாலரை எடுக்க 35 உத்தரவுகளை அனுப்பியிருந்தார்கள். அந்த உத்தரவுகளின் தடயம் அச்சாகாமல் இருப்பதற்காக அச்சுப்பொறியைச் செயலிழக்கச் செய்தவர்களும் அவர்களே. மறுநாள் பொறியைச் சரிசெய்தபோது நியூயார்க்கிலிருந்து வந்திருந்த கேள்விகள் அச்சாகின. அப்போது அங்கே வார விடுமுறை. பெரும்பாலான உத்தரவுகள் தடுக்கப்பட்டன. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டாலர், பெறும் அமைப்பின் பெயரில் ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல் பிழையாக எழுதப்பட்டிருந்ததால் சந்தேகம் எழுந்து நின்றது. 8.1 கோடி டாலர் மணிலாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அச்சுப்பொறி பழுதாவது அன்றாட நிகழ்ச்சி. அதனாலேயே அது நல்ல மறைவிடம் ஆயிற்று. லாக் சேவையகம் நிற்பதும் அப்படியே. நூறில் தொண்ணூற்றொன்பது முறை டிஸ்க் நிரம்பியதாகத்தான் இருக்கும். ஆயினும் டிஸ்க்கை எது நிரப்பியது என்பதைப் பார்க்காமல் கோப்பை மூடக் கூடாது. 33 நாளில் நிரம்ப வேண்டியது 10 நாளில் நிரம்பியிருந்தால், ஏதோ ஒரு கருவி நொடிக்குப் பல மடங்கு குறிப்புகளை அனுப்பியிருக்கிறது. லட்சக்கணக்கான தவறான கடவுச்சொல் முயற்சிகளும் அந்த வெள்ளத்துக்குக் காரணமாக இருக்கலாம்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். லாக் சேவையகம் நின்றதை அதே சேவையகம் அறிவிக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். வேறொரு கணினியிலிருந்து இரண்டு கேள்விகள் கேட்டுக்கொண்டே இருந்தால் போதும்: டிஸ்க் 80 சதவீதத்தைத் தாண்டியதா? கடைசிக் குறிப்பு வந்து 10 நிமிடத்துக்கு மேல் ஆயிற்றா? இரண்டாவது கேள்வியைத்தான் பெரும்பாலோர் வைப்பதில்லை. தவறு நடந்தால் மணியடிக்க ஏற்பாடு செய்வார்கள், சத்தமே இல்லாவிட்டால் மணியடிக்க ஏற்பாடு செய்ய மாட்டார்கள்.

வகுப்பறையில்

சேவையகம் இல்லாமலே இதை நடத்த முடியும். ஐந்து மாணவர்களை வரிசையாக நிறுத்துங்கள்: கருவி, உள்ளீடு, ஜர்னல், சேமிப்பு, திரை. முதல் மாணவர் நேரம் எழுதிய துண்டுச்சீட்டுகளை அனுப்ப, ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். யாராவது ஒருவரிடம் மட்டும் இரகசியமாக, ‘மூன்றாவது சீட்டுக்குப் பிறகு வாங்காதே’ என்று சொல்லிவையுங்கள். ஜர்னல் மாணவரிடம் மட்டும், அடுத்தவர் வாங்காவிட்டால் சீட்டுகளைக் கையில் அடுக்கி வைத்துக்கொள்ளவும், பத்துக்கு மேல் சேர்ந்தால் அடியில் உள்ளதைக் கீழே போடவும் சொல்லுங்கள். வகுப்பின் மற்றவர்கள் முதுகைக் காட்டி அமர்ந்து, ஆம் அல்லது இல்லை என்று விடை வரும் கேள்விகளை மட்டும் கேட்டு அறுந்த கண்ணியைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் சுற்றில் எல்லாக் குழுவும் முனையிலிருந்துதான் தொடங்கும். ‘ஜர்னல் கையில் சீட்டு சேர்ந்துகொண்டே போகிறதா?’ என்ற கேள்வியை ஒருவர் கேட்கும்வரை பொறுத்திருங்கள், நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். கீழே விழுந்த சீட்டுகளைக் கடைசியில் எண்ணச் செய்யுங்கள்.

ஆய்வகத்தில் விண்டோஸ் கணினிகள் இருந்தால் உண்மையான லாக்கையே படிக்க வைக்கலாம். ஈவென்ட் வியூவர் என்னும் செயலியில், சிஸ்டம் பதிவுகளைத் திறந்து, 6005, 6006, 6008 ஆகிய எண்களை மட்டும் வடிகட்டச் சொல்லுங்கள். 6005 நிகழ்வுப் பதிவுச் சேவை தொடங்கியதையும், 6006 அது முறையாக நிறுத்தப்பட்டதையும் குறிக்கும். 6008 என்றால் முந்தைய முறை கணினி எதிர்பாராமல் அணைந்திருக்கிறது. பெரும்பாலும் மின்தடை, இல்லாவிட்டால் யாரோ பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். நான்கு கணினிகளிலும் ஒரே நாள் ஒரே நேரத்தில் 6008 வந்திருந்தால் அது மின்தடை. ஒரே ஒரு கணினியில் மட்டும் அடிக்கடி வந்தால் அந்தக் கணினியைத் தனியே சோதிக்க வேண்டும். மாணவர்கள் இந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதி, ஆய்வகப் பயன்பாட்டுப் பதிவேட்டோடு ஒப்பிடட்டும். அப்படி ஒப்பிடும்போது, பதிவேட்டில் ‘ஆய்வகம் திறக்கப்படவில்லை’ என்று எழுதியுள்ள ஒரு நாளில் கணினியில் 6005 இருக்கக்கூடும். அதற்கு என்ன பொருள், யாரிடம் கேட்டு உறுதிசெய்வது என்று அவர்களே கேட்பார்கள்.